பழைய பின்பால் மெஷின்: மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, ஆட்டம் தொடங்கவில்லை

திசையன்விளையிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சுருக்கிக்கொள்கிறேன். அவர் கேட்டிருப்பது ஒன்று, அவருக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. கப்பலில் வேலை பார்த்த அவருடைய தாய்மாமா தூத்துக்குடி வழியாகக் கொண்டுவந்த அமெரிக்க பின்பால் மெஷின் (சாய்ந்த பலகையில் இரும்புப் பந்தை அடித்து ஆடும் விளையாட்டுப் பெட்டி) ஒன்று, மாமாவின் காலத்துக்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் பின்கட்டு அறையில் கிடந்திருக்கிறது. இப்போது தட்டித் துடைத்து மின்சாரம் கொடுத்தால் விளக்குகள் எல்லாம் எரிகின்றன. தொடக்கப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு மோட்டார் ஓடத் தொடங்குகிறது, ஆனால் நிற்பதில்லை. ஐந்து தடவைக்கு ஒரு தடவை ஆட்டம் தொடங்கிவிடுகிறது, அப்படித் தொடங்கினால் பந்தை அடிக்கும் கையான பிளிப்பர்களில் இடது பக்கத்தது சில நிமிடங்களில் சூடாகிக் கருகல் வாடை வருகிறது. சில நாட்களில் பியூஸ் போகிறது. ஊர் எலக்ட்ரீசியன் அந்த இடத்தில் செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். டிரான்ஸ்பார்மர் போய்விட்டதா, புதிது எங்கே கிடைக்கும், அல்லது உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு அர்டுயினோ என்ற குட்டிக் கணினி போர்டு ஒன்றை வைத்துவிடலாமா என்பது அவர் கேள்வி. கூடவே இரண்டு படங்களும் போட்டிருக்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், வெறுங்காலோடு நின்று முன்பக்க இரும்பைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். நான் அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குவேன். மற்றவை காத்திருக்கும்.

அதற்கு முன் நான் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் என் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நீங்களே எடைபோட முடியும். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். தொலைபேசித் துறையில் ஸ்ட்ரோஜர் வகை நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் டயலைச் சுழற்றி விடும்போது அங்கே ஒரு தண்டு அத்தனை படி மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் அத்தனை படி திரும்பி, நூறு இணைப்புகளில் ஒன்றைப் போய்த் தொடும். 1891-இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. காயில் (மின்சாரம் பாய்ந்தால் இரும்பை இழுக்கும் கம்பிச் சுருள்), அப்படி இழுத்து இணைப்புகளைத் திறந்து மூடும் ரிலே, பல்சக்கரம், அதைத் தடுத்து நிறுத்தும் கொக்கி, ஒன்றையொன்று தொட்டு விலகும் தகட்டுப் பாயிண்ட் ஆகியவைதாம் அங்கே சகலமும். பின்பால் மெஷினின் வயிற்றைத் திறந்து முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்நியமாக எதுவும் படவில்லை. எங்களுடையது 50 வோல்ட் நேர்மின்சாரம், இது பெரும்பாலும் மாறுமின்சாரம் என்பது ஒரு பெரிய வித்தியாசம். நான் இதுவரை சரிசெய்த பின்பால் மெஷின்கள் மூன்றே மூன்று. மூன்றுமே மதிப்பெண் காட்டும் எண் உருளையும் ரிலேயும் கொண்ட பழைய வகை. நீங்கள் போட்டிருக்கும் படத்தில் உருளைகள் தெரிவதால் உங்களுடையதும் அந்த வகைதான், அதாவது ஏறத்தாழ 1977-க்கு முந்திய தலைமுறை. அதற்குப் பிறகு இவற்றைச் செய்த சிகாகோக் கம்பெனிகள் மைக்ரோபிராசசருக்கு மாறிவிட்டன.

இனி ஷாக். இந்த மெஷின்கள் பலவற்றில் இரண்டு பின் வயர்தான் வந்தது, எர்த் கிடையாது. கால்கள், காசு போடும் கதவு, கண்ணாடியைப் பிடித்திருக்கும் முன்பட்டை எல்லாம் இரும்பு. உள்ளே டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்றுக்குப் போகும் வயரின் உறை நாற்பது ஐம்பது வருடத்தில் வெடித்து எங்காவது ஓர் ஆணியைத் தொட்டாலும், டிரான்ஸ்பார்மருக்குள் ஈரம் இறங்கிக் காப்பு பலவீனப்பட்டாலும், அந்த இரும்பெல்லாம் உயிர்பெற்றுவிடும். லேசான ஷாக் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று தரை காய்ந்திருந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. ஐப்பசி மழையில் அதே சிமெண்டுத் தரை வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆகவே இதைப் படித்தவுடன் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், வயரை மாற்றும் வரை மாட்டாதீர்கள். மூன்று கம்பி வயர் போட்டு, எர்த் கம்பியை டிரான்ஸ்பார்மர் உடம்பு, காசுக் கதவு, முன்பட்டை, கால் போல்ட் ஆகிய எல்லா இரும்போடும் சேர்க்க வேண்டும். உங்கள் பகுதிக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. தேரி மண்ணில் ஈரம் தங்காது, வெயில் காலத்தில் எர்த் குழி பேருக்குத்தான் எர்த்தாக இருக்கும். சுவர் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது என்பதால் வீட்டில் எர்த் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாமல், குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, விவரம் தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டு எர்த்தை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குப் போகும் லைனில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் இருக்கட்டும்.

அதோடு சேர்ந்ததுதான், 230 வோல்ட்டை 110 ஆக்குவதற்காக நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கன்வெர்ட்டர் பெட்டி. கடைகளில் விலை குறைவாகக் கிடைப்பவற்றில் பல ஆட்டோ டிரான்ஸ்பார்மர்கள். அதாவது ஒரே சுற்றில் நடுவில் ஒரு முனை எடுத்திருப்பார்கள், வீட்டு மின்சாரத்துக்கும் மெஷினுக்கும் இடையே பிரிவு இருக்காது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியின் உள்முனை ஒன்றுக்கும் வெளிமுனை ஒன்றுக்கும் இடையே மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். சில ஓம் காட்டினால் அது ஆட்டோ. இரண்டு தனிச் சுற்றுகள் உள்ளதை வாங்குவது நல்லது. வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அறுபதுக்கென்று செய்த டிரான்ஸ்பார்மருக்கு ஐம்பதில் அதே 120 வோல்ட்டைக் கொடுத்தால் அதன் இரும்புக் கரு காந்தத்தால் நிறைந்துபோய் அது உறுமும், சூடாகும். 60-க்கு 120 என்றால் 50-க்கு 100 என்பதுதான் கணக்கு. எனவே 100 வோல்ட் முனை உள்ள டிரான்ஸ்பார்மர் கிடைத்தால் அதையே எடுங்கள். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரிலும் சிலவற்றில் காயில்களுக்குச் சற்றுக் கூடுதல் வோல்ட் தரும் முனை ஒன்று உண்டு, அதில் இணைத்திருந்தால் சாதாரண முனைக்கு மாற்றிவிடுங்கள். மோட்டார் நம் ஊரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். அது கோளாறு அல்ல, அதற்காக எதையும் திருக வேண்டாம்.

டிரான்ஸ்பார்மர் போய்விட்டதா என்ற கேள்விக்கு இப்போது நேரடியாகப் பதில் சொல்ல முடியும். போகவில்லை. விளக்குகளுக்கு ஏறத்தாழ 6 வோல்ட் தரும் சுற்று ஒன்று, காயில்களுக்கும் மோட்டாருக்கும் கம்பெனியைப் பொறுத்து 24 முதல் 50 வோல்ட் வரை தரும் சுற்று இன்னொன்று. விளக்கு மங்காமல் எரிகிறது, மோட்டார் ஓடுகிறது. இரண்டு சுற்றும் உயிரோடிருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஷாக்குக்குக் காரணமான கசிவு அதில் இருக்கலாமா என்பது தனிக் கேள்வி. வயரை மாற்றிய பிறகும் கசிவு தெரிந்தால் அப்போது அதைச் சந்தேகிப்போம்.

செம்புக் கம்பி. அந்த எலக்ட்ரீசியன் அண்ணாச்சியை நான் குறை சொல்லவில்லை, நம் வீட்டு மெயின் பெட்டிகளில் பாதி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் இந்த மெஷினில் பியூஸ் போகாவிட்டால் போவது காயில், காயில் தாங்கினால் வயர் கட்டு, அதைச் சுற்றிலும் காய்ந்த மரப்பெட்டி. பியூஸ் தாங்கியின் பக்கத்தில் அல்லது பெட்டிக்குள் ஒட்டிய தாளில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அதற்கு மேல் போகக் கூடாது. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பியூஸைப் பலி கொடுத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் சோதிக்கும் பொருளோடு வரிசையில் ஒரு பல்பை மாட்டி வைத்திருந்த சீரிஸ் போர்டு நினைவிருக்கிறதா? அதே வேலையை இங்கே லாரியின் 24 வோல்ட் ஹெட்லைட் பல்பு செய்யும். காயில் சுற்றின் பியூஸை எடுத்துவிட்டு அந்த இரண்டு முனைகளுக்கு இடையே பல்பை மாட்டுங்கள். உங்களுடையது 50 வோல்ட் மெஷினாக இருந்தால் இரண்டு பல்புகளை வரிசையாக மாட்டுங்கள். மோட்டார் மட்டும் ஓடும்போது பல்பு மங்கலாக எரியும், ஒரு பிளிப்பரை அழுத்தினால் இன்னும் கொஞ்சம் பளிச்சிடும், நேர் ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்தில் அசையாமல் எரியும். எரியும்போது ஒவ்வொரு காயிலின் ஒரு கால் வயராகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றியதும் வெளிச்சம் இறங்குகிறதோ அங்கேதான் திருடன். பல்பு கடுமையாகச் சுடும், மரத்தின் மேல் வைக்காதீர்கள்.

பியூஸ் ஏன் "சில நாட்களில்" போகிறது என்பதை மட்டும் இங்கிருந்தபடி என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதிர்வில் உராய்ந்து ஒரு வயர் பக்கத்துத் தகட்டைத் தொடலாம். பந்தை உதைக்கும் பம்பர் ஒன்றின் பாயிண்ட் ஒட்டிக்கொண்டு காயில் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது கீழே சொல்லப்போகும் இடது பிளிப்பரே காரணமாக இருக்கலாம். சூடேறி உள்காப்பு கரைந்த காயிலில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்னோட்டம் கூடிப்போகும், ஆறினால் சில சமயம் பழையபடி நடக்கும். மூன்றில் கடைசியின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. அது ஊகம் என்பதைத் தெரிந்தே சொல்கிறேன்.

இனி உங்கள் முதல் புகாருக்கு வருவோம். தொலைபேசி நிலையத்தில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொன்னால்தான் இது விளங்கும். ஓர் இரவு அடுக்கு ஒன்றில் ஒரு செலக்டர், அதாவது நான் சொன்ன ஏறித் திரும்பும் தண்டுள்ள கருவி, பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நான் ஓடிப்போய் அதைக் கையால் விடுவித்தேன், கீழே விழுந்து தன் இடத்துக்குப் போயிற்று, விளக்கு அணைந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எந்த மட்டத்தில், எத்தனையாவது பாயிண்டில் நின்றது என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோளாறு மறுபடி பிடிபட மூன்று வாரம் ஆயிற்று. ரிலே இயந்திரம் நின்ற இடத்தில் நிற்கும். எந்தப் பாயிண்டுக்காகக் காத்திருக்கிறதோ அந்தப் பாயிண்டைக் காட்டிக்கொண்டே நிற்கும். கையை வைத்ததும் அந்தச் சாட்சி அழிந்துபோகும். உங்கள் பின்பால் மெஷினில் மின்சாரத்தை நிறுத்தினாலும் உருளைகளும் படிச்சக்கரங்களும் கொக்கி போட்டுக்கொள்ளும் ரிலேக்களும் இருந்த நிலையிலேயே இருக்கும் என்பதால் உங்களுக்கு என்னைவிடச் சௌகரியம் அதிகம்.

நீங்கள் போட்டிருக்கும் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு உருளைகளில் மூன்று பூஜ்யத்தில் நிற்கின்றன. நூறாவது இடத்து உருளை 7-இல் நிற்கிறது. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை, அழுக்குக் கண்ணாடி வழியாகக் கண்ணில் படாமல் போயிருக்கும். ஆனால் மெஷின் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. புது ஆட்டம் தொடங்க வேண்டுமானால் எல்லா உருளையும் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும். ஒவ்வோர் உருளையிலும் ஒரு பாயிண்ட் உண்டு, பூஜ்யம் தவிர மற்ற ஒன்பது எண்களிலும் மூடியிருக்கும், பூஜ்யத்தில் மட்டும் திறக்கும். மூடியிருக்கிற வரை மோட்டாரின் கேம் சக்கரங்கள் (பாயிண்டுகளைத் தட்டித் திறந்து மூடும் மேடுள்ள சக்கரங்கள்) அந்த உருளைக்குத் தட்டு மேல் தட்டாக அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லாம் திறந்தபின்தான் மோட்டார் நிற்கும், பந்து வெளியே வரும். ஆகவே உங்கள் மோட்டாரில் கோளாறு இல்லை. 7-இல் நிற்கும் உருளை நகர்வதற்காக அது காத்துக்கொண்டிருக்கிறது. ஐந்தில் ஒரு தடவை நகர்ந்துவிடுவதால் ஆட்டம் தொடங்குகிறது. இதில் எனக்குச் சந்தேகம் ஏறக்குறைய இல்லை.

சந்தேகம் இருப்பது, உருளை ஏன் நகரவில்லை என்பதில். அதைக் காதாலேயே பிரிக்கலாம். வயரும் எர்த்தும் சரியான பிறகு, தலைப்பெட்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, எதையும் தொடாமல், மோட்டார் ஓடும்போது அந்த உருளையின் அருகே காதைக் கொடுங்கள். காயில் "டக்… டக்…" என்று இழுத்து விடும் சத்தம் கேட்டும் உருளை நகராவிட்டால் கோளாறு இயந்திரப் பக்கம், மின்சாரப் பக்கம் எல்லாம் சரி. சத்தமே இல்லையென்றால் அந்தக் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை. அப்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்தக் காயிலின் ஓமை அளந்து பக்கத்து உருளையின் காயிலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், அந்த உருளையின் பூஜ்யப் பாயிண்ட், பிறகு ஆட்டத்தை மீட்டு அமைக்கும் ரிலேயில் அந்த உருளைக்கான பாயிண்ட், பிறகு தலைப்பெட்டிக்கும் கீழ்ப்பெட்டிக்கும் இடையே உள்ள பெரிய பிளக்குகளின் கறுத்த பின்கள் என்ற வரிசையில் பாருங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்பதற்கு வயரின் நிறமும் கோடும்தான் வழிகாட்டி. பெட்டிக்குள் மடித்து வைத்த வரைபடம் இருந்தால் அதைத் தேடி எடுங்கள், மாமா பத்திரப்படுத்தும் மனிதராக இருந்தால் இருக்கும். அதில் எல்லாப் பாயிண்டுகளும் மெஷின் எந்த நிலையில் இருக்கும்போது வரையப்பட்டவை என்று ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் வரைபடத்தைப் பார்த்தால் திறந்ததும் மூடியதும் தலைகீழாகத் தோன்றும்.

எனக்கென்னவோ உங்களுக்கு "டக்" சத்தம் கேட்கும் என்றே தோன்றுகிறது, ஏனென்றால் "எல்லாவற்றிலும் தையல் மெஷின் எண்ணெய் விட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த உருளை நடக்கும் விதத்தைப் பாருங்கள். காயில் இழுக்கும்போது உருளை நகராது. கொக்கி ஒரு பல் பின்வாங்கிப் பிடித்துக்கொள்ளும், காயில் விட்டதும் ஒரு சின்னச் சுருள்வில்தான் கொக்கியை முன்னுக்குத் தள்ளி உருளையை ஓர் எண் நகர்த்தும். அந்த வில்லுக்கு இருக்கும் பலம் உங்கள் சுண்டுவிரலுக்குக் கூட ஈடாகாது. நாற்பது வருடத்துப் பழைய கிரீஸ் வேலம் பிசின் மாதிரி இறுகியிருக்கிறது, அதன் மேல் எண்ணெய், எண்ணெயின் மேல் ஆடிக்காற்றில் வந்த செம்மண் தூசி. வில் தோற்றுப்போகிறது. உருளையைக் கழற்றி எடுத்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கொக்கி, அச்சு, பல்சக்கரம் மூன்றையும் எண்ணெயே இல்லாதபடி கழுவிக் காய வையுங்கள். உருளையின் எண்கள் மேல் அந்தத் திரவம் படக் கூடாது, அழிந்துவிடும். காயிலுக்குள் போகும் இரும்புத் தண்டான பிளஞ்சரும் அதன் குழாயும் உலர்வாகத்தான் ஓட வேண்டும், அங்கே ஒரு சொட்டு எண்ணெய் கூடாது. கழுவியபின் பிளஞ்சரைக் கையால் மெதுவாக அழுத்தி விடுங்கள், வில் தானாகவே உருளையைத் தள்ளி "சளக்" என்று உட்கார வேண்டும். பத்து எண்ணுக்கும் அப்படியே உட்கார்ந்தால் போதும். எந்த எண்ணிலாவது தயங்கினால் இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது வில் தளர்ந்திருக்கிறது.

பாயிண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் ஆட்கள் இந்த மெஷின்களைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கிறார்கள். ரிலேக்களில் இருப்பது வெள்ளிப் புள்ளிகள், உப்புத்தாள் அவற்றைக் கீறிப் பள்ளமாக்கிவிடும், பள்ளத்தில் பொறி பறந்து இன்னும் கறுக்கும். எங்கள் நிலையத்தில் இதற்கென்றே மெல்லிய உரசுத் தகடு கொடுப்பார்கள். உங்களிடம் அது இல்லையென்றால், கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்றை ஆல்கஹாலில் லேசாக நனைத்து, பாயிண்டுகளுக்கு நடுவே வைத்து, மேலிருந்து மெல்ல அமுக்கி இழுங்கள். கறுப்புக் கோடு விழும், கோடு விழுவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப இழுங்கள். பிளிப்பர் போன்ற பெரிய மின்னோட்டம் போகிற இடங்களில் மட்டும் டங்ஸ்டன் பாயிண்ட் இருக்கும், அது கடினமானது, அதற்குச் சின்ன அரம் வேண்டும். தகட்டை வளைக்கும் முன் அந்த அடுக்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளை முதலில் இறுக்குங்கள். வருடக்கணக்கில் நடுவிலிருக்கும் காப்புத் துண்டுகள் சுருங்கி அடுக்கு தளர்ந்திருக்கும், இறுக்கியதுமே பாதிப் பாயிண்டுகள் தம் இடத்துக்கு வந்துவிடும். தளர்ந்த அடுக்கில் வளைத்து வைப்பவர் அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே எதையும் உள்ளே அடிக்காதீர்கள், பொறி பறக்கும் இடத்தில் அது தீப்பற்றக் கூடியது. ஒழுங்காக வேலை செய்யும் பாயிண்டைத் தொடாமல் விடுவதும் ஒரு வேலைதான். ஒரு ரிலே இழுக்கும்போது வண்டு மாதிரி இரைந்தால், இழுபடும் தகட்டுக்கும் இரும்புக் கருவுக்கும் நடுவே தூசி இருக்கிறதா என்று பாருங்கள். மாறுமின்சாரத்தில் ஒரு மணல் துகள் போதும் அந்த இரைச்சலுக்கு.

இடது பிளிப்பர் விஷயம் உறுதியானது. பிளிப்பர் காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று தடித்த கம்பி, ஓரிரு ஓம்தான் இருக்கும், பந்தை அடிக்கும் பலம் அதிலிருந்து வருகிறது. மற்றது மெல்லிய கம்பி, பல மடங்கு ஓம், பொத்தானை அழுத்தியபடி வைத்திருக்கும்போது பிளிப்பரைச் சூடாகாமல் தூக்கிப் பிடித்திருப்பது அதன் வேலை. இரண்டுக்கும் நடுவே வாசல் காப்பது பிளிப்பரின் வீச்சு முடியும் இடத்திலுள்ள ஒரு பாயிண்ட். பிளிப்பர் கீழே இருக்கும்போது அது மூடியிருந்து மெல்லிய சுற்றைத் தாண்டி முழு மின்னோட்டத்தையும் தடித்த சுற்றுக்கு விடும். பிளிப்பர் மேலே போய்ச் சேர்ந்ததும் அது திறக்க வேண்டும். உங்களுடையது திறக்கவில்லை. ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் தாங்க வேண்டிய மின்னோட்டம் நீங்கள் பொத்தானைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் ஓடுகிறது, வாடை வருகிறது. மின்சாரத்தை நிறுத்தி, பந்தை வெளியே எடுத்துவிட்டு, ஆடுபலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்து, இடது பிளிப்பரைக் கையால் முழுக்க மேலே தள்ளிப் பாருங்கள். கடைசியில் அந்தப் பாயிண்ட் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் விலக வேண்டும். விலகாவிட்டால் தகட்டை அதன் அடிப்பக்கத்தில் பிடித்துச் சற்று வளைத்தால் போதும். பிளிப்பரே கடைசி வரை போகவில்லையென்றால் பிளஞ்சர் குழாய் சூட்டில் உப்பியிருக்கும் அல்லது இணைப்புத் தகடு தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் பாயிண்டை மட்டும் வளைத்தால், திறக்கக் கூடாத நேரத்தில் திறந்து பிளிப்பர் வலுவிழந்து போகும். வலது பிளிப்பர் நன்றாக இருக்கிறது என்பதால் அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

காயில் ஏற்கெனவே கருகியிருந்தால் அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். பம்ப்செட் மோட்டார் கட்டும் வைண்டிங் கடை இல்லாத ஊர் நம் பக்கம் ஏது? ஆனால் அவரிடம் கொடுக்கும்போது ஒரு பிழை நேரலாம். காயிலைச் சுற்றிய தாளில் 25-500/34-4500 என்பது போல எண் இருந்தால், 25 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) கம்பியில் 500 சுற்று, 34 கேஜ் கம்பியில் 4500 சுற்று என்று பொருள். அந்த கேஜ் அமெரிக்கக் கணக்கு. நம் கடைக்காரர் வைத்திருப்பது பிரிட்டிஷ் கணக்கு. அமெரிக்க 25 என்பது 0.455 மில்லிமீட்டர். கடையில் 25 என்று கேட்டால் 0.508 கொடுப்பார். கம்பி தடித்துப்போகும், சுற்றுகள் காயில் கட்டையில் அடங்காது, ஓம் குறையும். அதற்கு நிகர் நம் கடையின் 26. அமெரிக்க 34 என்பதோ 0.160 மில்லிமீட்டர், அது பிரிட்டிஷ் கணக்கில் 37-க்கும் 38-க்கும் நடுவே வருகிறது. எனவே கேஜ் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள். தாள் கருகிப் படிக்க முடியாவிட்டால் வலது காயிலை அளந்து பார்க்கலாம், ஆனால் அதைப் பிரிக்க வேண்டாம். பிரிக்க வேண்டியது செத்த காயிலை, பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணிக்கொண்டு.

அர்டுயினோ யோசனையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். செய்ய முடியாதது அல்ல. ஆனால் உங்கள் மெஷினில் இதுவரை தெரிந்த கோளாறு ஓர் அழுக்கு உருளை, ஒரு பாயிண்ட், ஒரு பழைய வயர், ஒருவேளை ஒரு காயில். அதற்காக நூற்றுக்கணக்கான வயர்களை வெட்டி எறிவது நகச்சுத்திக்குக் கையை எடுப்பது போல. அதோடு மாறுமின்சாரக் காயில்களை டிரான்சிஸ்டரால் இயக்க நேர்மின்சாரம் வேண்டும், ஒவ்வொரு காயிலுக்கும் டயோடு வேண்டும், அதற்கேற்பக் காயிலையே மாற்ற வேண்டிவரும். வேலை எங்கே முடியும் என்று யோசித்துப் பாருங்கள். மைக்ரோபிராசசர் மெஷின் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், மேலே நான் சொன்ன எதையும் அப்படியே உங்கள் மெஷினில் செய்ய வேண்டாம். அங்கே ஒரு தவறான இணைப்பு கம்பியால் போர்டே போய்விடும், என் பழக்கம் அந்தப் பக்கம் இல்லை.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது வயர், எர்த், சரியான பியூஸ். அது முடிந்தபின் மோட்டாரை ஓடவிட்டு, நூறாவது உருளையின் அருகே "டக்" சத்தம் கேட்கிறதா இல்லையா என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். கேட்கவில்லையென்றால், உருளையைக் கையால் பூஜ்யத்துக்குத் தள்ளிவிடாமல், அதன் பின்பக்கப் பாயிண்டுகள் தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.